மஞ்சள் துளை வழியாக ஒரு கல்யாணம்

புதிதாக வருகிற டிவிகளின் முதுகில் மஞ்சள் துளை இல்லை. போன மாதம் மகளுக்கு ஒரு டிவி வாங்கிக் கொடுக்கப் பாறசாலையில் ஒரு கடைக்குப் போனேன். கடைப்பையன் ஒன்றை எடுத்து மேசையில் நிறுத்தினான். நான் நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன்.

"மாமா, படம் முன்னாலயாக்கும் வரும்" என்றான் அவன்.

படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்கு வெள்ளையும் சிவப்பும் என்று மூன்று துளைகள் உண்டே, அதெல்லாம் எங்கே என்று கேட்டேன். பையன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் பரிதாபமும் சம அளவில் இருந்தன. இப்போது எல்லாம் காற்றிலேயே வந்துவிடுமாம். லேப்டாப்பில் ஒரு தட்டு, டிவியில் படம். ஒயர் என்கிற பேச்சே கிடையாது.

வீட்டுக்கு வந்து, நம் தாலுகா டிவி மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். இளசுகள் பிடித்துக்கொண்டன. "அப்போ பழைய டிவியில கம்ப்யூட்டர் படத்த எங்ஙன கொண்டு வந்தீங்க, எழுதுங்க மணியண்ணே" என்று ஒரே நச்சரிப்பு. எழுது என்று கேட்டு இதுவரை யாரும் என்னைக் கெடுத்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

படிப்புக்கதை சின்னது. ஐடிஐயில் ரேடியோவும் டிவியும் படித்தேன். படித்த இடத்தில் டிவி ஒன்றுதான் இருந்தது, அதையும் வாத்தியார் தொடவிடமாட்டார். வெளியே வந்ததும் நெய்யாற்றின்கரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். அங்கே மேலதிகாரி சுகுமாரன் சார். காட்டாக்கடைக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு டெஸ்டர். வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டாரென்றால் வேலை ஆரம்பம் என்று அர்த்தம். ஆனால் அதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்வார். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டிவியைத் தொடமாட்டார். வீட்டுக்காரர் எந்த இடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பாரோ அந்த இடத்தில் போய் உட்காருவார். கொடுத்த சாயாவைக் குடித்து முடிப்பார். நாங்கள் கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு பரபரப்போம். "எடோ மணி, ஆளு எவிடெ இரிக்கும்? அது ஆத்யம் நோக்கு" என்பார். பார்க்கிற ஆள் எங்கே உட்காருவான், அதை முதலில் பார் என்கிறார். படம் தெரியவில்லை என்று புகார் வந்த பாதி வீடுகளில் கோளாறு டிவியில் இருக்காது. எதிர் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழும், அல்லது யாராவது அலமாரியை நகர்த்தி வைத்திருப்பார்கள். சார் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, "மதி" என்பார். போதும் என்று சொல்லிவிட்டு வாட்சைக் கட்டிக்கொள்வார்.

நான் பார்த்த முதல் வீட்டுக் கம்ப்யூட்டர் அமரவிளையில் ஸ்டீபன் அண்ணன் வீட்டில். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், செண்டும் துணியும் கொண்டு வருகிற இடத்தில் ஒரு தட்டச்சுப் பலகையைக் கொண்டு வந்துவிட்டார். கம்ப்யூட்டர் முழுக்க அந்தப் பலகைக்குள்ளேதான்; திரை கிடையாது. வீட்டு டிவியையே திரையாக்கிக்கொள்ளலாம் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. ஒயரை ஏரியல் துளையில் செருகினால், டிவி முழுக்க உப்புமா ரவை கொட்டின மாதிரி புள்ளி.

அவர் மனைவி குளோரி அக்கா வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். "சார், இந்த மனுஷன் டிவிய கெடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை படம் பாக்க ஊரே இஞ்சதான் வரும். எனக்கு மானம் போவும்."

சார் வழக்கம் போல நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சாயா வந்தது. குடித்தார். பிறகு அந்தத் தட்டச்சுப் பலகையின் ஒயரைக் கையில் எடுத்து நீட்டிப் பார்த்தார். நாற்காலி வரை அது வராது. "ஸ்டீபா, நீ தரையிலல்லே இரிக்குக?" என்றார். நீ தரையில்தானே உட்காருவாய் என்கிறார். கேட்டுவிட்டு, அந்த வெள்ளை வேட்டியோடு டிவிக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், எழுத்து கண்ணைக் குத்தக் கூடாது என்றெல்லாம் சொன்னார். எனக்கு அன்றைக்கு அது கிறுக்காகத்தான் பட்டது.

கோளாறு இதுதான். அந்தக் கம்ப்யூட்டர் படத்தை அனுப்பிய அலைவரிசையை நம் டிவி பிடிக்காது. இது ஒரு தெருவில் நின்று கூப்பிடுகிறது, அது வேறு தெருவில் நின்று காது கொடுக்கிறது. படத்தை அலையில் ஏற்றுவதற்கு முன்பே பிடித்து டிவியின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்; ஆனால் அங்கே ஒரு வில்லங்கம் உண்டு. அந்தக் காலத்து டிவிகள் பலவற்றின் உள்சட்டத்தில், அதாவது பாகங்களைத் தாங்குகிற உலோகச் சட்டத்தில், வீட்டு மின்சாரம் நேராகவே நிற்கும். மூடி போட்டிருக்கிற வரை பயமில்லை. ஒரு ஒயரை வெளியே இழுத்துத் தட்டச்சுப் பலகையோடு சேர்த்தால், அதில் விரல் வைக்கிறவன் கதி அதோகதிதான். சார் டெஸ்டரை உள்சட்டத்தில் வைத்தார், அது சிவப்பாக எரிந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தார். சென்டரிலிருந்து, வீட்டு மின்சாரத்தை நேராகத் தொடவிடாமல் டிவியைப் பிரித்து வைக்கிற ஒரு டிரான்ஸ்பார்மரைக் கொண்டு வந்து, அதன் வழியாக டிவிக்கு மின்சாரம் கொடுத்து, மறுபடி டெஸ்டரை வைத்து, அது எரியவில்லை என்று உதவிக்குப் போன எங்கள் மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்க்க வைத்த பிறகுதான் ஒயரைச் சேர்த்தார்.

படம் வந்தது. ஸ்டீபன் அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி 'குளோரி' என்று ஆங்கிலத்தில் அடித்தார். டிவியில் பெரிதாக நின்றது. அக்கா பார்த்தார்.

"இதுக்காக்கும் இவ்வளவு பாடு? எனக்க பேரு எனக்குத் தெரியாதா?" என்றார். ஆனால் அணைக்க விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு இரண்டாவது சாயா வந்தது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நீட்ட வேண்டாம். சார் ஓய்வு பெற்றார், சென்டரை மூடினார்கள், நான் பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் ரோட்டோரம் சொந்தமாகக் கடை போட்டேன். கம்ப்யூட்டர்கள் வேகமெடுத்தன, டிவி தன் பழைய நடையிலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வந்தது. சத்யை விருந்தில் வேகமாகப் பரிமாறுகிறவனுக்கும் நிதானமாகச் சாப்பிடுகிறவனுக்கும் நடுவில் இலை இருக்கிறதல்லவா, அந்த வேலைதான் இந்தப் பெட்டிக்கு. கம்ப்யூட்டர் கொட்டுவதை வாங்கி வைத்துக்கொண்டு, டிவி கேட்கிற வேகத்தில் மஞ்சள் துளை வழியாகக் கொடுக்கும். இதை நான் எத்தனை வீட்டில் மாட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொரு வேலையும் கூடவே செய்வேன். டிவியின் தலையிலிருக்கிற சாமான்களை இறக்கி வைப்பது. நம் ஊரில் டிவி வாங்கின மறுநாளே அதன்மேல் ஒரு பூவேலைத் துணி, துணிமேல் ஒரு ஜாடி, ஜாடியில் பிளாஸ்டிக் ரோஜா வந்துவிடும். சில வீடுகளில் பிள்ளையார், சில வீடுகளில் மாதா. டிவி மூச்சு விடுகிற துளைகளே அங்கேதான் இருக்கின்றன. "டிவி தலையில ஒண்ணும் வைக்கப்பிடாது" என்று நான் கத்தாத வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

இனி அந்தக் கல்யாணம். நான் கடையை மூடுவதற்கு முந்தின வருஷம் லில்லி போன் செய்தாள். லில்லி, பகவதியம்மாள் வீட்டில் துணைக்கு இருக்கிறவள்.

"மணியண்ணா, ஓடி வாருங்கோ. இஞ்ச உமாவுக்குக் கல்யாணம்."

"எப்போ?"

"இன்னைக்கு சாயங்காலம்."

"எங்க வச்சு?"

"டிவியில."

பகவதியம்மாளை எனக்கு முன்பே தெரியும். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் அப்பா, தாத்தா எல்லாருமே சர்க்கார் உத்தியோகம். நிமிர்ந்த ஆள், அவரிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டு வெளியே வந்த மனுஷன் குறைவு. கணவர் இல்லை. ஒரே மகள் உமா, அயர்லாந்தில் நர்ஸ். அங்கே கூட வேலை பார்க்கிற ஒரு கோட்டயத்துப் பையனைத் தானே பார்த்து முடிவு செய்துவிட்டாள். வேறு சமுதாயம். அன்றைக்கு அம்மா போனை வைத்தவர்தான், பல மாதமாக மகளோடு ஒரு வார்த்தை இல்லை. நடுவில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டார். உமா விடாமல் லில்லி மூலம் கெஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் அம்மா இறங்கி வந்தது இந்த அளவுக்குத்தான்:

"நான் பேச மாட்டேன், கேட்டியா மணி. பாக்க மட்டும் செய்வேன். அதும் டிவியில. எனக்க மவளுக்க கல்யாணத்த போனுக்குள்ள எட்டிப் பாக்கணுமா நான்?"

"எதுத்த வீட்டுல பெரிய புது டிவி உண்டு. எடுத்துட்டு வாறோம்னு சொன்னாங்க" என்றாள் லில்லி.

"இரவல் டிவியிலயா கல்யாணம் பாப்பாங்க? போடி அங்ஙன."

அந்த வீட்டு டிவி பெரிய வயிற்றுடைய பழைய பெட்டி. தலையில் துணி, ஜாடி, ரோஜா எல்லாம் இலட்சணமாக இருந்தன. லில்லியை ஒரு பாட்டம் திட்டிவிட்டு எல்லாவற்றையும் இறக்கினேன். அவள் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதுக்கு மூச்சு முட்டுமாம், கேட்டீங்களா அம்மா" என்று பகவதியம்மாளிடம் போய்ச் சொன்னாள்.

நான் சார் சொன்ன மாதிரியே செய்தேன். பகவதியம்மாளை லில்லி கொஞ்சம் எழுப்பி நிறுத்த, அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் விழுந்தது, திரைச்சீலையை இழுத்தேன். டிவியைக் கொஞ்சம் திருப்பினேன். கடையிலிருந்து கொண்டு வந்த லேப்டாப்பை எங்கே வைப்பது? பிளக் இருப்பது பக்கச் சுவரில். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பை வைத்து, கன்வெர்ட்டரை மாட்டி, மஞ்சள் துளையில் செருகினேன்.

படம் கறுப்பு வெள்ளையில் வந்தது.

"இதென்ன மணி, எனக்க கல்யாண ஆல்பமா?" என்றார் பகவதியம்மாள்.

அது பெரிய விஷயமில்லை. கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்சு உண்டு. நம் நாட்டு டிவிக்கு ஒரு பக்கம், அமெரிக்க டிவிக்கு மறுபக்கம். யாரோ அதை அமெரிக்கப் பக்கம் தள்ளி விட்டிருந்தார்கள். தள்ளினேன், வண்ணம் வந்தது. "இப்ப மனுஷன் நெறத்துல இருக்கு" என்றார்.

சாயங்காலம் அழைப்பு வந்தது. டிவியில் ஒரு சின்ன ஹால், பூ அலங்காரம், நடுவில் பட்டுப்புடவையில் உமா. தோழி ஒருத்தி போனைப் பிடித்திருந்தாள். லில்லி "யம்மோ!" என்று கைதட்டினாள். பகவதியம்மாள் அசையவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை இமைக்காமல் பார்த்தார்.

இரண்டு சில்லறைத் தொந்தரவு வந்தது. பழைய டிவிகள் படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும். மாப்பிள்ளைப் பையன் ஓரத்தில் நின்றதால் அவனுடைய பாதிதான் தெரிந்தது. "அம்மா, கொஞ்சம் பொறுங்க, சரியாக்கித் தாறேன்" என்றேன்.

"பாதி போதும்" என்றார் அவர்.

அவர் வீடு, அவர் டிவி. விட்டுவிட்டேன். இன்னொன்று, டிவியின் சத்தம் லேப்டாப்பின் மைக்கில் ஏறி, அங்கே போய், திரும்பி வந்து ஊளையிட ஆரம்பித்தது. அம்மாதான் பேசப் போவதில்லையே என்று மைக்கை அணைத்துவிட்டேன். ஊளை நின்றது. பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். நல்ல படம். வேலை சுத்தமாக முடிந்தது என்று எனக்குள் ஒரு திருப்தி.

அவர்கள் மாலையைக் கையில் எடுத்தார்கள். உமா அதை ஏந்திக்கொண்டு தோழியின் போனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் மெல்ல வாடியது.

"அம்மை இந்தப் பக்கமே பாக்கல்லியே" என்றாள்.

தோழி ஏதோ சமாதானம் சொன்னாள். பாதி மாப்பிள்ளை, "சாரமில்ல உமா" என்றான். பரவாயில்லை என்கிறான்.

"பாக்க மட்டும் செய்வேன்னாங்க. அதயும் செய்யல்ல. வந்ததுலேருந்து அங்ஙன திரும்பியே இருக்காங்க." மாலையை மேசையில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பகவதியம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழும்பிவிட்டார். "ஏட்டி! நான் பாக்கேன்! உன்னத்தாண்டி பாக்கேன்!" இத்தனை மாத விரதம் ஒரு நொடியில் போயிற்று. ஆனால் டிவியில் உமா தலை நிமிரவில்லை. "மணி, அவளுக்குக் கேக்கல்லியா? சொல்லு மணி, நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்!"

ஸ்டூலுக்கு ஓடினேன். லேப்டாப் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. நம் பக்கத்திலிருந்து போகிற படம். அதில் பகவதியம்மாளின் இடது காது தெரிந்தது. கம்மல், கொஞ்சம் நரைமுடி, கன்னத்தில் ஒரு துண்டு. அவ்வளவுதான். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கேமரா பக்கவாட்டில் ஸ்டூலில் இருக்கிறது. அயர்லாந்தில் போய் இறங்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு அம்மா.

என் தொழிலில் படம் வீட்டுக்குள் வரும். வீட்டிலிருந்து வெளியே போனதே கிடையாது. ஆயுசு முழுக்க வருகிற படத்தையே பார்த்துப் பழகினவனுக்கு, போகிற படம் என்று ஒன்று இருப்பது மண்டையில் ஏறவேயில்லை. ஆளு எவிடெ இரிக்கும் என்று சார் கேட்டால், அம்மா இந்த நாற்காலியில் என்று சொல்லியிருப்பேன். இன்னொரு ஆள் மாலையோடு நின்றுகொண்டிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கினேன். டிவிக்கு முன்னால் வைத்தால் படம் மறையும். கீழே வைத்தால் அம்மாவின் முட்டிதான் தெரியும். ஒரே இடம்தான் இருந்தது. தூக்கி டிவியின் தலைமேல் வைத்தேன், நாற்காலியைப் பார்த்து.

"அண்ணா, அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றாள் லில்லி.

"முட்டட்டு! பாட்டரி பழசு, நீ போய் எக்ஸ்டென்சன் எடுத்துட்டு வாடி!"

அவள் அடுக்களையில் மிக்ஸியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒயர்ப் பெட்டியோடு ஓடி வந்தாள். மேலே லேப்டாப்பில் ஒரு உமா, கீழே டிவியில் ஒரு உமா. எதைப் பார்த்தாலும் அம்மாவின் முகம் இப்போது நேராக அங்கே போகிறது. மூலைக் கட்டத்தை எட்டிப் பார்த்தேன். பகவதியம்மாள் முழுசாக இருந்தார், இரண்டு கண்ணும் ஈரமாக.

தோழிதான் முதலில் பார்த்தாள். உமாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உமா தலைப்பை விலக்கி நிமிர்ந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கைத் திறந்தேன்.

"பேசுங்கம்மா, இப்ப கேக்கும்."

பகவதியம்மாள் உமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பொட்டு சரிஞ்சிருக்கு மக்கா. நேரா வை."

உமா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாகப் பொட்டை நகர்த்தினாள். "இப்ப செரியாம்மா?"

"இன்னும் கொஞ்சம். ஆங், செரி."

உமா மேசையிலிருந்த மாலையை எடுத்தாள். பகவதியம்மாள் கையைத் தூக்கி அவளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மணி, அந்தப் பையன் பாதிதான் தெரியான். முழுசாக் காட்டு."

படத்தை முழுத் திரையிலிருந்து இறக்கிச் சுருக்கினேன். டிவியின் ஓரத்தில் ஒரு காது வந்தது, ஒரு தோள் வந்தது, மாலை பிடித்திருந்த இன்னொரு கையும் வந்தது. பகவதியம்மாள் அந்தப் பையனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

"செரி, இனி போடுங்கோ" என்றார்.